கலத்தின் விலை



ஏழு வயதில் என்னிடம் அலிஃப், பே ஓத வந்த மாணவர் ஒருவர் இன்று துபாயில் நல்ல பணியில் இருக்கிறார். சென்ற ஆண்டு ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு தொலைபேசியில் அழைத்தார். “ஹஜ்ரத், உங்களுக்கு ஒரு பேனா ஹதியாவாகத் தர வேண்டும் என்று நிய்யத் வைத்திருக்கிறேன். விலையைப் பார்க்காதீர்கள். உலகத்திலேயே எந்தப் பேனா வேண்டுமோ அதன் பெயரை மட்டும் சொல்லுங்கள்” என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அவர் விடவில்லை. சிறுவயதில் என் சட்டைப்பையிலிருந்த மைப்பேனாவைத் தொட்டுப் பார்க்க எத்தனை முறை ஆசைப்பட்டிருக்கிறார் என்பதை அன்றுதான் சொன்னார்.

மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆசை எனக்கும் உண்டு. நான் அரபுக் கல்லூரியில் ஓதியபோது எங்கள் உஸ்தாத் ஒருவரிடம் பார்க்கர் 51 இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த சபராளி உறவினர் கொடுத்தது. 1941இல் விற்பனைக்கு வந்த அந்தப் பேனாவின் முள், காற்றுப்பட்டு மை உலராதபடி உறைக்குள் மறைந்திருக்கும். நுனி மட்டும் கிளியின் அலகைப்போல் எட்டிப் பார்க்கும். அவர் ஹாஷியா எழுதும்போது நாங்கள் பாடத்தைக் கவனித்தோமோ இல்லையோ, அந்த நுனியைக் கவனித்தோம். அன்றுமுதல் ‘ஒருநாள் தங்க முள் வைத்த பேனாவில் எழுத வேண்டும்’ என்ற எண்ணம் மனத்தின் மூலையில் கிடந்தது. மாணவரின் அழைப்புக்குப் பின் பல இரவுகள் இஷாவுக்குப்பின் அமர்ந்து எந்தப் பேனா, ஏன் அந்த விலை என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னை எங்கெங்கோ இழுத்துச் சென்றது. அதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ‘ஊற்றுப்பேனாவை 953ஆம் ஆண்டில் எகிப்தின் சுல்தான் கண்டுபிடித்தார்’ என்று ஒரு செய்தி நம் குடும்பங்களின் கைபேசிகளில் அடிக்கடி சுற்றி வரும். முழுப் பொய்யும் இல்லை. முழு உண்மையும் இல்லை. ஃபாத்திமிய கலீஃபா அல்முஇஸ் ஹிஜ்ரீ 341 முதல் 365 வரை, அதாவது 953 முதல் 975 வரை ஆட்சி செய்தவர். அல்அஸ்ஹர் பள்ளிவாசல் எழுந்தது இவர் காலத்தில்தான். கொள்கையில் இஸ்மாயீலி ஷீஆ. ஆனால் வரலாற்றைப் படிக்கும்போது நமக்கு உவப்பானவர்களை மட்டும் படிக்க முடியாது. இவருடைய அவையிலிருந்த காழீ நுஃமான் தம் குறிப்பேட்டில் ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்திருக்கிறார். மைக்கூட்டில் தோய்க்காமலே எழுதும் கலம் ஒன்று வேண்டும், மை அதனுள்ளேயே இருக்க வேண்டும், எழுதுபவன் விரும்பும்போது மட்டும் மை இறங்க வேண்டும், சட்டைக் கையினுள் செருகிக்கொண்டாலும் கறைபடியக் கூடாது என்று கலீஃபா விரும்பினாராம். இது நடக்குமா என்று நுஃமான் வியந்தார். சில நாட்களில் கைவினைஞர் ஒருவர் அதைச் செய்து கொண்டுவந்தார். முதலில் மை சற்று மிகுதியாக இறங்கியது. சரிசெய்யச் சொன்னார்கள். பிறகு தலைகீழாகப் பிடித்தாலும் பக்கவாட்டில் சாய்த்தாலும் மை சிந்தவில்லை.

நிகழ்ச்சி இவ்வளவே. அந்தக் கலம் இன்று எங்கும் இல்லை. அதனுள்ளே மை எப்படி நின்றது என்ற விவரமும் அந்நூலில் இல்லை. 1981இல் பாஸ்வர்த் என்ற ஆங்கிலேய அறிஞர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவரும் தலைப்பில் கேள்விக்குறி இட்டே எழுதினார். 953 என்ற ஆண்டும் பொருந்தாது. அவ்வாண்டில் அல்முஇஸ் இன்றைய தூனிஸியா நாட்டிலிருந்து ஆண்டார். கெய்ரோவுக்குள் அவர் நுழைந்தது 973இல். ஆகவே ‘முஸ்லிம் அவையொன்றில் இப்படிப்பட்ட கலம் ஒன்று செய்யப்பட்டதாக எழுத்துச் சான்று உண்டு’ என்று சொல்லுங்கள், போதும். அதுவே பெருமைக்குரிய செய்திதான். இல்லாததைக் கூட்டிச் சொன்னால் நாளை நம் பிள்ளைகள் பள்ளியில் ஆதாரம் கேட்கப்படும்போது தலைகுனிய நேரும்.

ஆனால் அந்தக் குறிப்பில் ஒரு சொல் என்னை உறுத்தியது. அந்தக் கலம் தங்கத்தால் செய்யப்பட்டதாக நுஃமான் எழுதுகிறார்.

தங்கம். என் ஆசையும் அங்கேதானே வந்து நின்றது! தங்க முள் வைத்த பேனாவை ஓர் ஆண் பயன்படுத்தலாமா? நண்பர்கள் சிலர் ‘பேனா என்ன, மோதிரமா? நீங்கள் அணியவா போகிறீர்கள்?’ என்றனர். மோதிரம் மட்டும் பிரச்சினையாக இருந்தால் அந்த வாதம் நிற்கும். தங்கம், வெள்ளிப் பாத்திரங்களில் உண்ணவும் பருகவும் நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஃபுகஹாக்கள் அதை உண்பதோடு நிறுத்தவில்லை. ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான துர்ருல் முக்தாரில் அல்லாமா ஹஸ்கஃபீ (வஃபாத் ஹி. 1088) விலக்கப்பட்ட புழக்கங்களை வரிசையாகச் சொல்லும்போது தங்க, வெள்ளிக் கரண்டி, சுர்மாக் குச்சி, கண்ணாடி என்று தொடங்கி, கலத்தையும் மைக்கூட்டையும் பெயர் சொல்லியே சேர்க்கிறார். இதில் ஆண், பெண் வேறுபாடும் இல்லை. பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்டது ஆபரணம், பாத்திரமன்று. நம் கடற்கரை ஊர்களில் வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபிலும் தங்கப் பாத்திரங்களை எவ்வகையிலும் புழங்கக் கூடாது என்பதே நிலைபெற்ற கருத்து. உடல் முழுவதும் வேறு பொருளாக இருந்து முள் மட்டும் தங்கமாக இருந்தால் என்ன சட்டம், தங்கப் பூச்சு மட்டும் இருந்தால் என்ன சட்டம் என்பவை தனித்தனி மஸாயில்கள். நான் முஃப்தி அல்லன். உங்கள் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் மனத்தில் எழுந்த கேள்வி வேறு. பேனா முள்ளில் தங்கம் எதற்காக வந்தது?

இதற்கு விடை மையில் இருக்கிறது. ஐரோப்பாவும் அரபுலகமும் பல நூற்றாண்டுகள் பயன்படுத்திய முக்கியமான மை, மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது. நாட்டு மருந்துக் கடையில் இரண்டும் இன்றும் கிடைக்கும். மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் கலந்து, காகிதத்தில் பட்ட பின் காற்றோடு சேர்ந்து கறுத்து, இழைகளுக்குள் ஊறி நின்றுவிடும். தண்ணீரில் கரையாது. பத்திரங்களும் பதிவேடுகளும் அதிலேயே எழுதப்பட்டன. ஆனால் அதற்குப் புளிப்புத்தன்மை உண்டு. பழைய எஃகு முட்களை அது சில வாரங்களில் தின்றுவிடும். தோய்த்தெழுதும் பேனாவில் முள் தேய்ந்தால் வேறொன்றைச் செருகிக்கொள்ளலாம். இரவும் பகலும் மையிலேயே ஊறிக்கிடக்கும் ஊற்றுப்பேனாவில் அது முடியாது. துருப்பிடிக்காத உலோகம் வேண்டும். தங்கம் வந்தது இப்படித்தான்.

இதைப் படித்தபோது அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்களின் செய்தி நினைவுக்கு வந்தது. ஜாஹிலிய்யா காலத்தில் குலாப் போரில் மூக்கை இழந்த அவர்கள் வெள்ளியால் மூக்கு செய்து பொருத்தினார்கள். அது நாற்றமெடுத்தது. தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ மூன்றிலும் இது பதிவாகியுள்ளது. அங்கும் காரணம் ஒன்றே: தங்கம் கெடாது. பேனா முள்ளுக்கும் ஒருகாலத்தில் அப்படியொரு தேவை இருந்தது என்று வாதிடலாம். அந்தத் தேவை இன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தங்க முள் என்கிறோமே, அதில் தங்கம் காகிதத்தைத் தொடுவதே இல்லை! தங்கம் மென்மையானது, காகிதத்தில் உரசினால் விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே நுனியில் கடுகில் பாதியளவு வேறொரு கடின உலோகத்தை உருக்கி ஒட்டுகிறார்கள். முற்காலத்தில் ஆஸ்மியமும் இரிடியமும் கலந்த இயற்கைக் கலவை. இப்போது ருத்தேனியம், டங்ஸ்டன் போன்றவையும் சேர்கின்றன. அந்தத் துளியைத் தேய்த்து உருண்டையாக்கி, நடுவே மயிரிழை போன்ற பிளவை அறுக்கிறார்கள். எழுத்தின் சுகம் முழுவதும் அந்தத் துளியைத் தேய்த்த கையிலும் அந்தப் பிளவின் நேர்மையிலும்தான் இருக்கிறது. முள்ளின் மேல் 585 என்று பொறித்திருந்தால் 14 காரட், 750 என்றிருந்தால் 18 காரட். அவ்வளவு தங்கமும் துருவுக்கு அஞ்சியும், சற்று வளைந்து கொடுக்கும் தன்மைக்காகவும் சேர்க்கப்பட்டது. துருப்பிடிக்காத எஃகு பரவிய பின், அன்றாட மைகளும் சாதுவான பின், முதல் காரணம் பெரும்பாலும் போய்விட்டது. இரண்டாவது காரணத்தைப் பேனாப் பிரியர்கள் இன்றும் சொல்வார்கள். நேர்மையாகச் சொன்னால், நன்கு தேய்த்த எஃகு முள்ளையும் நன்கு தேய்த்த தங்க முள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொன்னால் என்னால் பிரித்தறிய முடியாது.

முள்ளுக்கு அடியில் வரிவரியாக வெட்டிய கட்டை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். கடையில் யாரும் அதை மெச்சிப் பேச மாட்டார்கள். ஊற்றுப்பேனாவின் உயிர் அதுதான். மை இறங்க வேண்டுமானால் இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே ஏற வேண்டும். காற்று ஏறாவிட்டால் எழுத்து நின்றுவிடும். மிகுதியாக ஏறினால் மை கொட்டும். 1827இல் பொயனாரு என்ற ருமேனியர் பிரான்சில் ஊற்றுப்பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். அவருக்குப் பின்னும் பலர் முயன்றார்கள். கொட்டுவதும் நிற்பதுமாகவே இருந்தது. 1884இல் அமெரிக்காவின் லூயிஸ் வாட்டர்மேன் அந்தக் கட்டையில் மெல்லிய பிளவுகளை இட்டு, மை இறங்கவும் காற்று ஏறவும் வழியமைத்துக் காப்புரிமை பெற்றார். கலீஃபாவின் அவையில் ‘மை சற்று மிகுதி’ என்று திருத்தச் சொன்னார்களே, அதே சிக்கல். ஒன்பது நூற்றாண்டுகள் கழித்தும் மனிதன் அதனோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

அப்படியானால் லட்சக்கணக்கில் விலை எங்கிருந்து வருகிறது? 2009இல் நம் நாட்டிலேயே ஒரு வழக்கு நடந்தது. மான்ட்பிளாங்க் என்ற ஜெர்மன் நிறுவனம் காந்தியடிகளின் பெயரில் ஒரு பேனாவை வெளியிட்டது. அதன் 18 காரட் முள்ளில் கைத்தடியோடு அவர் உருவம். உடலைச் சுற்றி நூற்கதிரில் சுற்றியதுபோல் தங்கக் கம்பி. மொத்தம் 241 பேனாக்கள். 1930இன் தண்டி யாத்திரை 241 மைல் என்பதால் அந்த எண்ணிக்கை. ஒன்றின் விலை 11 லட்சம் ரூபாய்க்கும் மேல். அரையாடை மனிதரின் பெயரில் இப்படி ஒரு பொருளா என்று எதிர்ப்பு எழுந்து, கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. தேசத் தலைவர்களின் பெயரையும் உருவையும் வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்காட்டப்பட்டது. 2010இல் நிறுவனம் விற்பனையை நிறுத்திக்கொண்டது. அந்தப் பேனா எவ்வளவு நன்றாக எழுதியது என்பதைப் பற்றி அந்த விவாதத்தில் யாரும் பேசியதாக நான் படிக்கவில்லை. 11 லட்சம் எழுதுவதற்கான விலை இல்லை என்பது வாங்குவோருக்கும் விற்போருக்கும் தெரியும். எண்ணிக்கையைக் குறைத்தால் விலை கூடும். பெயர் ஒட்டினால் இன்னும் கூடும்.

காந்தியடிகளுக்கும் பேனாவுக்கும் உள்ள உண்மையான தொடர்பு வேறு. ஆந்திரத்தின் இராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் என்றொரு கைவினைஞர் இருந்தார். 1921இல் அவர் காந்தியைச் சந்தித்துத் தம் கைவேலையைக் காட்டியபோது, எளிய மக்களுக்குப் பயன்படும் பொருள் எதையாவது நம் நாட்டிலேயே செய்யுமாறு அவர் சொன்னார். ரத்னம் பேனாவை எடுத்துக்கொண்டார். முதலில் செய்தனுப்பியவற்றில் சில பாகங்கள் வெளிநாட்டவை என்பதால் காந்தி ஏற்கவில்லை. மீண்டும் செய்தார். கடைசியில் முழுவதும் உள்நாட்டிலேயே ஆன பேனா ஒன்று அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் ஜே.சி. குமரப்பா வழியாக வர்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது. குமரப்பா நம் தஞ்சாவூரில் 1892இல் பிறந்தவர். அதில் எழுதிப் பார்த்த காந்தி, கடைத்தெருவில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்று என்று நன்றி கூறி 1935 ஜூலை 16இல் ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தின் படி இன்றும் இணையத்தில் காணக் கிடைக்கிறது.

அவரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. சென்னையோடு தொடர்புடையது என்பதால் சொல்கிறேன். 1915இல் பம்பாய்க் காங்கிரஸின்போது காந்தி எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டார் காகா காலேல்கர். ஒரு பென்சில் துண்டு. காலேல்கர் தம் பென்சிலை நீட்டினார். காந்தி வாங்கிக்கொள்ளவில்லை. சென்னையில் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசனின் சிறு மகன் அன்போடு ஓடிவந்து கொடுத்த பென்சில் அது. தொலைக்க மனமில்லை என்றார். இருவரும் தேடி எடுத்தபோது அது இரண்டு அங்குலம்கூட இல்லை.

நம் முன்னோரிடத்திலும் இத்தகைய செய்திகள் உண்டு. ஹிஜ்ரீ 597இல் பக்தாதில் வஃபாத்தான இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) வாழ்நாள் முழுவதும் எழுதிக்கொண்டே இருந்தவர்கள். நாணல் கலத்தின் முனை மழுங்கினால் கத்தியால் சீவ வேண்டும். ஹதீஸ் எழுதிய கலங்களின் அந்தச் சீவல்களை அவர்கள் எறியாமல் சேர்த்து வைத்தார்கள். தம் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் தண்ணீரை அவற்றை எரித்துச் சூடாக்க வேண்டும் என்று வஸிய்யத் செய்தார்கள். அவ்வாறே செய்யப்பட்டது, சீவல்கள் போதுமானதாக இருந்து மீதமும் ஆயின என்று இப்னு கல்லிகான் எழுதுகிறார். ஒரு பானைத் தண்ணீர் காய எத்தனை கலங்களின் சீவல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பாடத்தில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிறிது நேரம் பேசாமல் இருப்பார்கள்.

இப்னு முக்லாவின் கதை இன்னும் கசப்பானது. மூன்று அப்பாஸிய கலீஃபாக்களிடம் வஸீராக இருந்தவர். அரபு எழுத்துக்கு அளவுமுறை வகுத்தவர். கலத்தின் முனையைச் சாய்த்து அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளிதான் அவருடைய அளவுகோல். அலிஃப் இத்தனை புள்ளி உயரம், மற்ற எழுத்துகள் அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பன அவர் வழி வந்த விதிகள். அரசியல் பகையில் அவர் வலக்கை வெட்டப்பட்டது. குர்ஆனை எழுதிய கையைத் திருடனின் கையைப்போல் வெட்டினார்களே என்று அழுதாராம். பின்னர் மணிக்கட்டில் கலத்தைக் கட்டிக்கொண்டு எழுதினார். 940இல் சிறையில் இறந்தார்.

இப்னு முக்லாவின் புள்ளியை நான் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. இன்றைய உருண்டை நுனிப் பேனா எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே தடிமனில் கோடு போடும். அரபு எழுத்துக்கு அது போதாது. சீவிய நாணலைப்போல் நுனி பட்டையாக, சாய்வாக இருந்தால்தான் ஒரே இழுப்பில் தடிமனும் மெலிவும் வரும். வலமிருந்து இடம் செல்லும் எழுத்துக்கு அந்தச் சாய்வும் அதற்கேற்ற திசையில் அமைய வேண்டும். எந்த நாட்டுப் பேனாவும் ஆகட்டும், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் இப்படி எழுதுவது அரிது. யாராவது ஒருவர் அமர்ந்து என் கையின் சாய்வைப் பார்த்து அந்த நுனியைத் தேய்த்துத் தர வேண்டும். நான் தேட வேண்டியது பேனாவின் பெயரையன்று, அந்த ஆளை என்று அப்போதுதான் புரிந்தது.

அத்தகைய கைகள் நம்மிடம் அரிதாகிவிட்டன, முற்றாக இல்லாமலில்லை. காராச்சேவுக்குப் பெயர்பெற்ற சாத்தூர், ஒருகாலத்தில் பேனா நிப்புக்கும் பெயர்பெற்றிருந்தது. எஃகுத் தகட்டை அறுத்து, அழுத்தி வளைத்து, பிளந்து, மெருகேற்றும் வேலை அங்கே வீட்டுக்கு வீடு குடிசைத் தொழிலாக நடந்தது. நம் தலைமுறை பள்ளியில் எழுதிய மலிவுப் பேனாக்களின் முட்கள் பலவும் அவ்வூரிலிருந்து வந்தவையே. பந்துமுனைப் பேனாக்கள் பரவியதும் அத்தொழில் தேய்ந்தது. ‘நிப்பு மாற்ற வேண்டும்’ என்று கடைக்குப் போகும் வழக்கமே பிள்ளைகளுக்குத் தெரியாது. முள் உடைந்தாலும் பேனா சாகாது என்பதை அவர்களுக்கு விளக்குவதே இன்று பெரும்பாடு.

இன்னொரு புறம், திருவள்ளூரிலும் இராஜமுந்திரியிலும் கைக்கடைசலில் எபொனைட் பேனாக்கள் இன்றும் உருவாகின்றன. திருவள்ளூர் ரங்கா பேனாக்களை வெளிநாட்டினர் தேடி வாங்குகிறார்கள். உள்ளூரில் நமக்குத்தான் தெரியாது. எபொனைட் என்பது ரப்பரில் கந்தகத்தை மிகுதியாகக் கலந்து நெடுநேரம் வேகவைத்துக் கெட்டிப்படுத்திய பொருள். கருங்காலியைப்போல் கறுத்திருப்பதால் அப்பெயர். மை அதை அரிக்காது. பிடித்துச் சிறிது நேரத்தில் கையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெயிலில் போட்டால் பழுப்பேறும். கடைசல்காரர் தண்டைச் சுழலவிட்டு உளியைப் பிடித்து, மூடிக்கும் உடலுக்கும் மரை வெட்டி, மை ஒழுகாத அளவுக்குப் பொருத்த வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சட்டைப்பை நீலமாகிவிடும்.

மாணவருக்கு என் முடிவைச் சொன்னேன்: எபொனைட் உடல், எஃகு முள், அரபு எழுத்துக்கென்று சாய்வாகத் தேய்த்த நுனி. அவர் சற்று நேரம் பேசவில்லை. “ஹஜ்ரத், எனக்குச் செலவு வைக்கக் கூடாது என்று சொல்கிறீர்களா?” என்றார். குரலில் வருத்தம் தெரிந்தது. ஹதியா தருபவரின் மனம் புண்படக் கூடாதே என்று எனக்கும் கலக்கம். தங்கத்தின் சட்டத்தைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். ஆனால் அவரை அசைத்தது சட்டம் இல்லை. 2015 டிசம்பரில் நடந்த ஒன்றைச் சொன்னேன்.

அந்த வெள்ளத்தில் தாம்பரத்தைச் சுற்றிய தாழ்வான பகுதிகள் மூழ்கியது நினைவிருக்கும். ஒரு மஹல்லாவின் பள்ளிவாசல் அலுவலறையில் அலமாரியின் கீழ்த்தட்டு வரை தண்ணீர் ஏறி நிக்காஹ் தப்தர்கள் நனைந்துவிட்டன. வெயில் வந்ததும் அவற்றைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைக்க என்னையும் அழைத்திருந்தார்கள். அறுபது ஆண்டுப் பழைய தப்தரின் எழுத்துகள் சேற்றுக் கறையினூடே கறுப்பாக நின்றன. அந்தக் காலத்து இரும்பு மை. பத்தாண்டுகளுக்குள் எழுதிய பக்கங்களில் பல வெளிர்நீலப் புகையாகிக் கிடந்தன. கையில் கிடைத்த சாதாரணப் பள்ளிக்கூட நீல மையை ஊற்றி எழுதியிருந்தார்கள். மூன்றாம் நாள் கைக்குழந்தையோடு ஒரு பெண்மணி வந்தார். கணவர் சவூதியில். விசாவுக்கு நிக்காஹ் சான்று வேண்டும். அவர்களிடம் இருந்த நகலும் வெள்ளத்தில் போய்விட்டது. அவருடைய பக்கத்தைத் தேடி எடுத்தோம். வரிசை எண் தெரிந்தது. மஹர் தொகையில் ஓர் இலக்கம் தெரிந்தது. பெயர்கள் இல்லை. சாட்சிகளில் ஒருவர் மவ்த்தாகிவிட்டார்; மற்றவரைத் தேடிப்பிடித்து, வலியையும் அழைத்து எழுதி வாங்கி முடிப்பதற்குள் பல வாரங்கள் ஆயின. அந்தப் பெண்மணி யாரையும் குறை சொல்லவில்லை. பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை எழுதியவர் வேறொருவர்தான். ஆனால் அந்நாட்களில் நான் எழுதிய பக்கங்களும் அதே மையில்தான் எழுதப்பட்டிருந்தன.

“அப்படியானால் மையும் நானே வாங்கித் தருவேன்” என்றார் மாணவர்.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ராஜகீழ்ப்பாக்கம் வந்து என்னை அழைத்துக்கொண்டார். தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் கடற்கரை நிலையம் வரை சென்று பாரிமுனையில் பேனாக் கடைகளைச் சுற்றினோம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பேனா விற்கும் ஜெம் அண்ட் கோ அங்கேதான் இருக்கிறது. சிறுவயதில் ஹீரோ பேனா வாங்கப் பர்மா பஜாருக்கு வாப்பாவோடு வந்ததை வழியில் சொல்லிக்கொண்டே போனேன். தங்க முள் பேனா ஒன்றையும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. சற்று அதிக நேரம் வைத்திருந்தேன் என்பதை மாணவர் கவனித்துவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை.

எபொனைட் பேனா கிடைத்தது. நுனி தேய்க்கத் தெரிந்த முதியவர் ஒருவரை விசாரித்துக் கண்டுபிடித்தோம். உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கி, மென்மையான உரகல்லில் எட்டு வடிவத்தில் முள்ளை மெல்லத் தேய்த்தார். ஓரிரு இழுப்புக்கு ஒருமுறை என்னிடம் தந்து எழுதச் சொன்னார். நான் ‘பே’ எழுதி அடியில் ஒரு புள்ளி வைப்பேன். அவர் புள்ளியை மட்டும் பார்ப்பார். அரபு எழுத்து அவருக்குத் தெரியாது. ஐந்தாவதோ ஆறாவதோ முறை புள்ளி சாய்சதுரமாக விழுந்தது. “இதுதானே?” என்றார்.

பதிவேடுகளுக்கென்று விற்கும் இரும்பு மையும் ஒரு புட்டி வாங்கினோம். இந்த மையை நாட்கணக்கில் பேனாவிலேயே விடக் கூடாது. எழுதி முடித்தால் தண்ணீரில் அலசிவிட வேண்டும்; எஃகு முள் எத்தனை நல்லதானாலும் இந்த ஒழுக்கம் தேவை. மாணவர் மொத்தக் கணக்கையும் பார்த்துவிட்டு, தாம் எண்ணியிருந்த தொகையில் சிறு பங்குகூட ஆகவில்லை என்று முணுமுணுத்தார். திரும்பும் ரயிலில் கிண்டி தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு அஸருக்குப் பின் ஒரு நிக்காஹ். தப்தரில் மணமகன், மணமகள், வலி, சாட்சிகள், மஹர் அனைத்தையும் அந்தப் பேனாவிலேயே எழுதினேன். எழுதும்போது மை வெளிர்நீலமாக இருந்தது. பக்கத்திலிருந்த முத்தவல்லி, “என்ன ஹஜ்ரத், இவ்வளவு மங்கலாக இருக்கிறதே?” என்று கேட்டார். காலையில் வந்து பாருங்கள் என்றேன். மறுநாள் சுப்ஹுக்குப் பின் அவரே அலமாரியைத் திறந்து தப்தரை எடுத்து, விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். எழுத்துகள் கறுக்கத் தொடங்கியிருந்தன.